வாரம் 62 டாலர்

நியூஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம் போர்ட் அதாரிட்டி நிலையம். 2000இல் அதன் வாசலில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். தலைவருக்கோ தளபதிக்கோ வைத்த சிலையில்லை. ஒரு பஸ் டிரைவருக்கு. அதிலும் இந்த உலகத்தில் பிறந்தே இராத ஒரு டிரைவருக்கு. தொப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக நிற்கும் அந்த ரால்ஃப் கிராம்டன், 1955-56இல் ‘தி ஹனிமூனர்ஸ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் (சிட்காமில்) ஜாக்கி கிளீசன் ஏற்ற வேடம். சம்பளம் வாரம் 62 டாலர். அடிக்கடி பணக்காரனாக ஒரு திட்டம் போடுவார். அரை மணி நேரத்துக்குள் அது கவிழும். மேசை, அடுப்பு, ஐஸ் பெட்டி, ஒரு ஜன்னல் என்றிருக்கும் அதே சமையலறைக்குத் திரும்புவார். 39 பகுதிகளிலும் நிலைமை மாறவில்லை. போன வாரத்துக் கடனும் இந்த வாரம் இருக்காது, போன வாரம் வந்த புத்தியும் இருக்காது.

இதை 2005இல் சினிமாவாக்கினார்கள். செட்ரிக் தி என்டர்டெய்னர் ரால்ஃபாக வந்தார். சமையலறையை விட்டு ஊர் முழுக்க அலைந்தார்கள். பந்தயத்துக்கு ஒரு நாயைப் பழக்கினார்கள். ரால்ஃபின் மனைவிக்கும் அவர் நண்பரின் மனைவிக்கும் சொந்த வீட்டுக் கனவு ஒன்றைக் கொடுத்தார்கள். படம் எடுபடவில்லை. பழைய சிட்காம்கள் திரையில் தோற்கும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: “அந்த முகம் இல்லையே!” அந்த மகாநடிகர் இல்லாமல் எப்படி என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சியின் சொந்த வரலாறே இதற்கு எதிர்சாட்சி சொல்கிறது.

‘பிவிட்ச்ட்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் தொடங்கியது. சமந்தா என்ற சூனியக்காரி, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் டாரின் என்ற சாதாரண மனிதனைக் கட்டிக்கொண்டு, மூக்கை அசைத்து மந்திரம் போடுகிறாள். டாரினாக நடித்த டிக் யார்க்குக்குத் தீராத முதுகுவலி. ஐந்தாவது சீசனோடு விலகினார். 1969இல் அவர் இடத்துக்கு டிக் சார்ஜென்ட் வந்தார். நம் மெகா சீரியல்களாவது “இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு அட்டை போடும். அந்த மரியாதைகூட அங்கே கிடையாது. ஒரு நாள் கணவனுக்கு வேறு முகம். மனைவி திடுக்கிடவில்லை, அக்கம்பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மாமியார் எண்டோரா மட்டும் பழைய மாப்பிள்ளையின் பெயரை எப்படி வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாளோ, அப்படியே புது மாப்பிள்ளையின் பெயரையும் கொன்றாள். அதுதான் விஷயம். மாமியாரின் வசவுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது இரண்டாம்பட்சம். தொடர் 1972 வரை ஓடியது. ஆக, முகம் மாறினால் ரசிகன் சகித்துக்கொள்வான். அவனால் சகிக்க முடியாதது நாற்காலி இடம் மாறுவது. அதே ‘பிவிட்ச்ட்’டை 2005இல் நோரா எஃப்ரான் படமாக எடுத்தபோது கதையை நேராகச் சொல்லத் துணியவில்லை. பழைய தொடரை மறுபடி எடுக்கும் ஒரு குழு, அதில் நடிக்க வருகிற நிஜச் சூனியக்காரி என்று சுற்றி வளைத்தார். மாமியாரும் மாப்பிள்ளையும் மோதிக்கொண்ட அந்த வீடு படப்பிடிப்புத் தள அலங்காரமாகச் சுருங்கிப்போனது. நிக்கோல் கிட்மனும் வில் ஃபெரலும் அந்த ஆண்டின் மோசமான ஜோடிக்கான ராஸி பரிசை வாங்கியதுதான் மிச்சம்.

ஜெயித்த படங்களும் உண்டே என்பீர்கள். உண்டு, அவை என் பக்கம்தான் நிற்கின்றன. 1995இல் வந்த ‘தி பிராடி பன்ச் மூவி’யில் இயக்குநர் பெட்டி தாமஸ் பழைய சிட்காமின் பிராடி குடும்பத்தைத் திருத்தவே இல்லை. ஊர் தொண்ணூறுகளில் இருக்கிறது, அவர்கள் மட்டும் எழுபதுகளின் சட்டையிலும் பேச்சிலும் இருக்கிறார்கள். மாறாததுதான் அங்கே நகைச்சுவை. ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ அதற்கும் ஒரு படி மேல். நியூஜெர்சியின் வெஸ்ட்ஃபீல்டில் 1912இல் பிறந்த சார்லஸ் ஆடம்ஸ் ‘நியூயார்க்கர்’ இதழில் வரைந்தவை ஒற்றைச் சட்டச் சித்திரங்கள். அந்த ஆட்களுக்குக் கதை கிடையாது. 1964இல் தொலைக்காட்சிக்கு வரும்வரை பெயர்கூடக் கிடையாது. 1991இல் வந்த படத்திலும் மரணத்தையும் இருட்டையும் கொஞ்சும் அந்த வீட்டார் கடைசிவரை ஒரு பாடமும் கற்றுக்கொள்ளவில்லை. சினிமாவின் பெரிய கெட்ட பழக்கம், இடைவேளைக்குப் பின் எல்லோரையும் திருத்திவிடுவது. அதற்குப் பிடிகொடுக்காதவர்கள் பிழைத்தார்கள்.

சென்னை சபா நாடகங்கள் படமாகவில்லையா என்று ஒரு கேள்வி எழலாம். கிரேசி மோகனின் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ 1983இல் பாலசந்தர் கையில் ‘பொய்க்கால் குதிரை’ ஆனது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1971இல் திரைக்கு வந்தது. ஆனால் நாடகம் எத்தனை சிரிப்பு வெடித்தாலும் ஒரு முடிவை நோக்கி நடப்பது. திரை விழுந்தே தீரும். சிட்காமுக்கு அந்தத் திரை கிடையாது. அதனால்தான் சான் பிரான்சிஸ்கோ குடும்பத்தின் ‘ஃபுல் ஹவுஸ்’ 2016இல் திரும்பி வந்தபோது படமாக வராமல் மறுபடியும் தொடராகவே, அதே கூடத்தை அச்சாக மறுபடி கட்டிக்கொண்டு வந்தது. டெக்சாஸ் கதையான ‘கிங் ஆஃப் தி ஹில்’ 2025இல் மீண்டபோது குடும்பத் தலைவர் ஹாங்க்குக்கு வயதாகியிருந்தது, பையன் டல்லஸில் சமையல்காரன். மாற்றம்தானே இது? மாற்றம்தான். ஆனால் அது இடைப்பட்ட 15 ஆண்டுகளில், நாம் பார்க்காதபோது நடந்து முடிந்துவிட்டது. புது நிலைமையில் மறுபடி நண்பர்களோடு நின்று குடிக்கும் அதே பழைய சந்து, பழைய பீர்.

ரால்ஃபுக்கு நடந்த நல்ல தழுவல் அந்தச் சிலைதான் என்பேன். சிற்பி அவருக்கு லட்சியம் கொடுக்கவில்லை, வீடு கொடுக்கவில்லை, நகரவும் விடவில்லை. காலையில் நியூஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர் ஒரு நாளாவது அவரை நின்று பார்க்கலாம். சாயங்காலம் அதே கேட்டில், அதே வரிசையில், அதே பஸ்ஸுக்குக் காத்திருக்கப்போகிறவருக்கு, சம்பளம் ஏறாமல் டப்பாவும் கையுமாக நிற்கும் அந்த மனிதர் அன்னியமாகத் தெரியமாட்டார்.