இரணியல் பட்டறையும் செட்டிபாளையம் தடமும்

தக்கலையிலிருந்து திங்கள்சந்தைக்கும் அதற்கப்பால் குளச்சலுக்கும் செல்லும் சாலையில் உள்ள இரணியல் ஒரு காலத்தில் வேணாட்டு அரசர்களின் தலைநகராய் விளங்கியதையும், சிதிலமடைந்த அதன் அரண்மனையில் வசந்த மண்டபமும் கற்கட்டிலும் இருப்பதையும், தலைமுறை தலைமுறையாக அங்கே கைத்தறி நெசவு நடந்து வந்ததையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவ்வூரின் எல்லையில், தென்னந்தோப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு மோட்டார்ப் பட்டறையில், சாலையில் ஓட்டுவதற்கென்று வாங்கப்பட்ட பலம் பொருந்திய கார் ஒன்றைப் பந்தயத் தடத்துக்கு ஏற்றபடி ஆயத்தம் செய்யும் நுட்பமான தொழில் நடப்பதை எவரும் பொருட்படுத்தி எழுதவில்லை. அந்தத் தொழிலையும் அதைச் செய்கிறவர்களையும் நேரில் கண்டு, பின்னர் அவர்களுடனேயே கோயம்புத்தூர் வரை பிரயாணம் செய்து அதன் பலனையும் பார்த்து வந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

பட்டறையில் நின்றிருந்த கார் ஃபோர்டு மஸ்டாங். வளைகுடா நாட்டில் நெடுங்காலம் உழைத்து ஊர் திரும்பிய ஒருவருடையது. 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்த இந்த வம்சத்துக் கார், 2016-ஆம் ஆண்டில்தான் முறைப்படி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை அப்போது நடந்துகொண்டிருந்த போதிலும் மஸ்டாங் அங்கே உற்பத்தியாகவில்லை; அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து கப்பலேறி வந்தது. ஐந்து லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட அதன் எஞ்சின் 395 குதிரைசக்தியையும் 515 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருவது. எடையோ 1,700 கிலோவுக்கு மேல். இவ்வளவு சக்தியையும் இவ்வளவு பாரத்தையும் ஒருங்கே உடைய யந்திரத்தை, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து செல்லும் தடத்தில் ஓட்டுவது எளிதான காரியமன்று.

அமெரிக்கர்கள் இவ்வகைக் கார்களை உண்டாக்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தது நேர்ப்பாதைதான். சாதாரணக் குடும்பக் காரின் உடலில் பெரிய எஞ்சினை வைத்து, கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்று பார்ப்பதே அக்காலத்து வாலிபர்களின் உற்சாகமாக இருந்தது. வளைவில் திரும்பவும் விரைவில் நிற்கவும் இவற்றுக்குத் தெரியாது என்ற பழிச்சொல்லைப் போக்கியவர்களில் முதன்மையானவர் கரோல் ஷெல்பி. 1965-இல் அவர் மஸ்டாங்கின் பின்னாசனத்தை அகற்றி, பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் திருத்தி, ஜி.டி. 350 என்ற பெயரில் வளைதடப் பந்தயத்துக்குரிய வாகனமாக்கினார். மறு ஆண்டிலேயே டிரான்ஸ்-ஆம் என்னும் பந்தய வரிசை தொடங்கி, பின்னர் அதில் மஸ்டாங்கும் அதன் போட்டிக் காரான கமாரோவும் வளைவுகளில் ஒன்றையொன்று துரத்தின. ஷெல்பி அன்று செய்த வேலையின் சாரத்தை, அவருடைய பெயரைக்கூடக் கேட்டிராத இரணியல் பையன்கள் இன்றும் தங்கள் கைகளால் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமன்று.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். வாலிபப் பருவத்தில் கோவைக்குச் சென்று பந்தயக் கார்களைப் பராமரிப்பவர்களிடம் தொழில் கற்று, தாயின் பொருட்டு ஊருக்குத் திரும்பியவர். எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதற்கு என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்டதற்கு அவர் தலையை அசைத்தார்.

“எஞ்சினுல எனக்கு ஒரு வேலையும் இல்ல சாரே. அத அமெரிக்காக்காரன் நல்லாத்தான் செய்து வச்சிருக்கான். நிப்பாட்டுத காரியம்தான் நம்ம வேலையாக்கும், கேட்டியளா? றோட்டுல ஒரு மணிக்கூறுல நாலு தடவை பலமா பிரேக் சவுட்டுவோம். அங்க ஒரு சுற்றுலயே அதுக்க மேல சவுட்டணும். ஆறதுக்கு நேரம் எங்க இருக்கு?”

இந்தச் சில வாக்கியங்களில் அடங்கிய உண்மையைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்புத் தோன்றும். ஓட்டுநரோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குத் தணியும்போது, அது இழக்கும் இயக்க சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. அவ்வுஷ்ணம் ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதை மூன்று நான்கு விநாடிகளுக்குள் இரும்புத் தட்டுகளும் அவற்றைக் கவ்வும் பேடுகளும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டதைக் காற்றில் விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். வேகம் இரட்டித்தால் இச்சக்தி நான்கு மடங்காகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், மேஸ்திரி ஏன் எஞ்சினைத் தொடாமல் சக்கரங்களின் அருகே அமர்ந்திருந்தார் என்பது விளங்கும்.

அவருடைய முதற்காரியம் பிரேக் ஆயிலை மாற்றுவது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் இந்தத் திரவத்துக்கு உண்டு. டாட் 4 என்னும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் விதி கேட்பது 155 பாகைதான். இரு பருவமழையும் பெறுகிற, கடற்காற்று ஓயாத எங்கள் மாவட்டத்தில் ஓடும் வண்டியின் ஆயிலை எந்த நிலையில் எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். மிதி தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. சாலையில் மிதமாக ஓட்டுகிறவருக்கு வெளியே தெரியாமலிருக்கும் இக்குறை, தடத்தில் சில சுற்றுகளிலேயே பிரத்தியட்சமாகிவிடும்.

பழைய ஆயிலை வெளியேற்றி ஏர் எடுக்கும் வேலையை இருவராகச் செய்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தான். மேஸ்திரி பின்சக்கரத்தருகே படுத்து, நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் பார்வையைப் பதித்திருந்தார். “சவுட்டு லே மக்கா… பிடி… விடு” என்ற குரலும், உள்ளிருந்து “பிடிச்சாச்சு” என்ற பதிலும், ஸ்பானர் கால் திருகு திரும்பும் ஓசையும் மாறி மாறி எழுந்தன. ஒவ்வொரு சக்கரத்திலும் குழாயில் குமிழி அற்றுப்போய், கறுத்த திரவம் வெளுத்து, தேன் நிறம் காணும் வரை அவர்கள் நகரவில்லை. “போதும்” என்ற சொல்லைப் பையன் இரண்டு தடவை எதிர்பார்த்து ஏமாந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. மூன்றாம் தடவை அவனே எட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு பொட்டு ஏர் இருக்கு அண்ணே” என்றான். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சக்கரத்தில் தாம் எழுந்து ஆசனத்தில் அமர்ந்து, ஸ்பானரைப் பையனிடம் கொடுத்தார். குருகுல வித்தை கைமாறும் விதத்தை நூல்களில் படித்திருக்கிறேன். அன்று கண்ணால் கண்டேன்.

மற்ற வேலைகளை விரித்துரைக்க இடமில்லை. உயர்ந்த உஷ்ணத்தைத் தாங்கும் பேடுகள் மாட்டப்பட்டன. ஏழரை லிட்டருக்கு மேல் கொள்ளும் எஞ்சினில் புது ஆயில் நிரப்பப்பட்டது. தானியங்கி கியர்ப்பெட்டியின் ஆயிலும் பின் அச்சின் ஆயிலும் சோதிக்கப்பட்டன. சக்கர நட்டுகள் டார்க் ரெஞ்சினால் அளவறிந்து இறுக்கப்பட்டன. டிக்கியிலிருந்த ஜாக்கி, குடை, தண்ணீர்ப் புட்டி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்கள். வளைவில் உருண்டு வந்து மிதியின் கீழ் சிக்கும் ஒரு புட்டி உயிருக்கு உலையாகிவிடும் அல்லவா? உரிமையாளரிடம் மேஸ்திரி இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார்: சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ், பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. தமக்கு வரவேண்டிய வேலையே இதனால் கைவிட்டுப் போகக்கூடும் என்று அறிந்தும் அதைச் சொன்ன நேர்மையை நான் மதிக்கிறேன்.

இரணியலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள கோவைச் செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம் 2003-இல் எழுந்தது. பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்து, மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை அமைத்து, இந்நாட்டு இளைஞர் பலருக்கு அவ்வித்தையின் வாசலைத் திறந்துவிட்டு, 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியிருப்பது. அதற்கும் முன்னோடி சோழவரம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், யுத்த காலத்து விமான ஓடுதளமாகிய அவ்விடத்தில் பல்லாண்டு பந்தயங்களை நடத்தி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு தடத்தைக் கண்டது. ஃபியட், ஹெரால்டு கார்களைப் பிரித்துச் செதுக்கிச் சோழவரத்தில் ஓடவிட்ட சென்னை, கோவைத் தொழிலாளர்களின் கைத்திறமே தமிழ்நாட்டு மோட்டார்ப் பந்தயத்துக்கு அஸ்திவாரம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஓட்டியவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன, பிரித்துப் பூட்டியவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

தடப் பயிற்சி நாள் பந்தயமன்று. வெற்றி தோல்வி கிடையாது. நேர்ப்பாதையில், முன்னே செல்பவர் கையசைத்து வழிவிட்ட பிறகே முந்தலாம். காலையில் எல்லாரையும் உட்கார்த்திவைத்துக் கொடிகளின் பொருளை விளக்கினார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே அபாயம், முந்தலாகாது. சிவப்பு வந்தால் வேகம் குறைத்து நிறுத்துமிடத்துக்குத் திரும்ப வேண்டும். அக்கொடிகளைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு ஒருவராக வெயிலில் நின்ற பணியாளர்கள், கார்கள் வராத வேளையிலும் தடத்திலிருந்து பார்வையை எடுக்காமல் நின்றார்கள். அன்றைய தினம் எல்லாரும் சேதமின்றித் திரும்பியதில் அவர்களுடைய பங்கு பெரிது.

இரண்டாம் சுற்று வரிசையில், தலைக்கவசம் அணிந்து பக்கத்து ஆசனத்தில் அமர எனக்கு அனுமதி கிடைத்தது. ஓட்டியவர் தடத்துப் பயிற்சியாளர். நேர்ப்பாதையில் எஞ்சின் எழுப்பிய கர்ஜனை நெஞ்சில் அதிர்ந்தது உண்மை. ஆயினும் என்னை ஆட்கொண்டது அதன் பிறகு நடந்ததுதான். சக்கரங்கள் நேராக இருக்கும்போதே அவர் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தினார். காரின் பாரம் முன்னே சாய்ந்தது. பிறகு மிதியை மெல்ல மெல்ல விட்டபடி ஸ்டியரிங்கைத் திருப்பினார். தலையில் மீன்கூடையோடு குளச்சலிலிருந்து திங்கள்சந்தைக்கு வரும் பெண், ஓட்டமும் நடையுமாக வந்தாலும் முடுக்கில் திரும்பும்போது முதலில் நடையைத் தளர்த்தி, கூடையை அசையவிடாமல், பிறகே உடலைத் திருப்புவாள். அதே நிதானம் அந்த மனிதரின் கையிலும் காலிலும் இருந்தது. வளைவின் வெளிவிளிம்பில் நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்புக்கு வந்து, ஸ்டியரிங் நேராக நேராகத்தான் ஆக்ஸிலேட்டரைக் கூட்டினார். அவசரப்பட்டுக் கூட்டினால் 515 நியூட்டன் மீட்டரும் பின்சக்கரங்களை வழுக்கச் செய்து காரைப் பம்பரமாக்கிவிடும்.

“போக வேண்டிய இடத்தப் பாருங்க சார். பயப்படற இடத்தப் பாத்தா அங்கதான் போவோமுங்க” என்றார் அவர்.

சில சுற்றுகளுக்குப் பின் ஒரு சுற்றை வேகமில்லாமல் ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிட்டு உள்ளே வந்தோம். உரிமையாளர் வழக்கம்போல் கைப்பிரேக்கைப் போடக் கூறியதும் மேஸ்திரி ஓடிவந்து தடுத்தார். பழுக்கக் காய்ந்த தட்டைப் பேடுகள் ஒரே இடத்தில் கவ்வி நின்றால் தட்டு கெட்டுவிடும் என்று, சக்கரத்தடியில் மரக்கட்டையை வைத்தார். உஷ்ணத்தால் கூடிய டயர்க் காற்றைப் பையன் அளந்து குறித்துக்கொண்டு, வேண்டிய அளவுக்குக் குறைத்தான்; பேடுகளில் எஞ்சிய கனத்தை டார்ச் ஒளியில் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒரு கார், எடையிலும் சக்தியிலும் மஸ்டாங்குக்குப் பாதியும் இல்லாதது, பிரேக் மிதி தளர்ந்துபோய் அன்றைய ஓட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அழைப்பில்லாமலே மேஸ்திரி அங்கே சென்று, எஞ்சியிருந்த புது ஆயிலைக் கொண்டு அதற்கும் ஏர் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கற்கத் தொடங்குகிறவருக்கு இத்தகைய கனத்த கார் உகந்ததா என்று கேட்டால், சிறிய காரே மேல் என்பேன். டயரும் பேடும் சீக்கிரம் தேயா, செலவும் குறைவு, பிழையைத் திருத்திக்கொள்ளவும் அவகாசம் உண்டு. ஆனால் வாங்கிவிட்டவர்கள் அதைப் பூட்டி வைப்பதை விடவும், தக்கலை வழியில் பள்ளிப் பிள்ளைகளும் பேருந்துகளும் நிறைந்த சாலையில் அதன் வேகத்தைச் சோதிப்பதை விடவும், தடத்துக்குக் கொண்டு செல்வது ஆயிரம் மடங்கு உத்தமம். எங்கள் மாவட்டத்துச் சாலைகளில் வேகத்துக்கு இரையான வாலிபர்களின் படங்களைச் சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்து மனம் புண்பட்டவன் நான். சக்தி மிகுந்த வண்டியை வைத்திருக்கும் அன்பர்களே, செட்டிபாளையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ ஒரு நாள் செல்லுங்கள். செல்லுமுன் தொழிலறிந்த ஒரு மேஸ்திரியிடம் பிரேக்கைக் காட்டுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.