தாம்பரம் சானடோரியத்தில் ஒரு முற்பகல்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயில், குரோம்பேட்டையைக் கடந்ததும் ஒரு சிறு நிலையத்தில் நிற்கும். 'தாம்பரம் சானடோரியம்' என்பது அதன் பெயர். நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோரில் அப்பெயரின் பொருளைக் கருதுவோர் மிகச் சிலரே. ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்கூடங்களுக்கு விரையும் பெண்களுக்கும், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குச் சூரணமும் தைலமும் வாங்கச் செல்லும் முதியோருக்கும் அஃது ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவே. நெஞ்சக நோயாளர் நெடுநாள் தங்கி நலம்பெறும் இல்லத்தையே சானடோரியம் என்பர். ஒரு மருத்துவர் எழுப்பிய அத்தகைய இல்லம் ஓர் ஊருக்கே பெயராக நின்றுவிட்டது.

அம்மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. சவேரியாரைச் 'சவுரியார்' என்றழைத்த நம் முன்னோரின் வாய்மொழி அப்பெயரில் இன்னும் ஒலிப்பதை வாசகர்கள் உணர்வர். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர் அவர். கணிதமேதை இராமானுஜன் 1917-இல் சில காலம் அங்கு தங்கி அவரிடம் சிகிச்சை பெற்றார். (இராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர்கள் ஐயம் எழுப்பியிருக்கின்றனர், அது வேறு கதை.) தாயகம் திரும்பிய சவுரிமுத்து, 1928-இல் பச்சைமலையின் அடிவாரத்தில் 12 படுக்கைகளுடன் இவ்வில்லத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்தென்று ஒன்றும் இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்பவையே மருந்து. காற்றுக்காகவே மக்கள் மலையடிவாரங்களை நாடினர்.

அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்கும் இவ்விடத்துக்கு நாம் சென்றது நம் பெரியப்பாவுடன். அவருக்கு அகவை 71. முப்பது வயதில் காசநோய் கண்டு, மருந்துண்டு, முற்றிலும் குணமானவர். கிருமி அன்றே ஒழிந்தது. ஆனால் அது நுரையீரலில் விட்டுச்சென்ற தழும்பு ஒழியவில்லை. பின்னர் அரிசி ஆலையில் தூசு உண்டு கழித்த ஆண்டுகளும் சேர்ந்துகொண்டன. இப்போது அவருக்கு ஓர் ஆசை. பேத்தியின் திருமணம் கொடைக்கானலில் நிகழவிருக்கிறது. "மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லதுதானே? டாக்டர் ஐயாவைக் கேட்டுவிடுவோம்" என்று அவரே புறப்பட்டுவிட்டார்.

நிலையத்தின் நடைமேம்பாலம் நமக்கு ஒரு நிமிட வேலை. அவருக்கோ அது தனியொரு பயணம். படியேறுமுன் நின்றார், மூக்கால் மூச்சை இழுத்தார், விளக்கை ஊதுபவர்போல் உதடுகளைக் குவித்து மெல்ல வெளிவிட்டுக்கொண்டே இரண்டு படி ஏறினார். மீண்டும் நின்றார். கைப்பிடிக்க முனைந்த நம்மைத் தடுத்து, "படிக்கட்டு எங்கும் ஓடிவிடாது, தம்பி. நின்று நின்று வருகிறேன்" என்றார். பின்னால் வந்த இளைஞர் கூட்டம் பொறுமையிழந்து விலகிச் சென்றது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

உதட்டைக் குவிக்கும் அவ்வழக்கத்துக்குக் காரணம் உண்டு. நெடுநாள் மூச்சடைப்பு நோயில், உள்ளே காற்றை இழுப்பதினும் வெளியே விடுவதே அரிது. சுருங்கிய சிறுகுழாய்கள் மூச்சு விடும்போது முன்னதாகவே மூடிக்கொள்கின்றன. பழங்காற்று உள்ளேயே தேங்குகிறது. உதட்டைக் குவித்து ஊதினால் அக்குழாய்களில் சற்று அழுத்தம் நிலைத்து, அவை திறந்தே இருக்கின்றன. அதே நேரத்தில் இதயத்துக்கும் தொல்லை நேர்கிறது. உயிர்வளி குறைந்த நுரையீரலில் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களுக்குள் இரத்தத்தைச் செலுத்தும் பொறுப்பு இதயத்தின் வலப்புறத்துக்கு. ஆண்டுக்கணக்கில் அது முக்கி முனகி உழைத்துத் தளரும்போது, மாலைதோறும் கணுக்காலில் வீக்கம் தோன்றுகிறது. ஒரே கூண்டில் வாழும் இருவரில் ஒருவர் நோயுற, மற்றவர் அவர் வேலையையும் சுமந்து மெலிவது போன்றது இது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தோரிடையே நம் மனத்தில் தங்கியவர் ஒரு மூதாட்டி. பீடியையோ சுருட்டையோ அவர் தொட்டதில்லை. நாற்பது ஆண்டுகள் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்தவர். காற்றோட்டமில்லா அடுக்களை, புகைபோக்கி இல்லை. "புகைப்பது உண்டா?" என்ற வினாவுக்கு "இல்லை" என்று அவர் விடையளிக்கும்போது, அவ்வினாவே பிழையானது என்று நமக்குத் தோன்றிற்று. அடுப்புப் புகையும் புகைதான். பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கைகளில் இப்போது இழுப்பு மருந்துக் குழல் ஒன்று இருந்தது.

பெரியப்பாவை ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். நெஞ்சக நோய்க்கு இஃது எளிய, ஆயினும் நம்பத்தக்க சோதனை. சமதளமான தாழ்வாரத்தில், தம் இயல்புக்கேற்ப நடந்து, வேண்டுமிடத்தில் நின்று, எத்தனை மீட்டர் கடந்தார் என்று அளப்பார்கள். விரல்நுனியில் கவ்வும் சிறு கருவி இரத்தத்தின் உயிர்வளியைக் காட்டுகிறது. அமர்ந்திருந்தபோது 93 காட்டிய அது, நடந்து முடித்தபோது 86-க்கு இறங்கியிருந்தது. மருத்துவர் அவ்வெண்ணை அவருக்கே காட்டினார்.

"ஐயா, மலையில் காற்று தூயதுதான்; ஆனால் மெலிந்தது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கு ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, இங்கு கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைவு. சமதளத்தில் நடந்தே 86 என்றால், அங்கு உங்கள் இதயம் என்ன பாடுபடும்?"

பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. மூச்சுக்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தோம்.

மருத்துவர் சொன்ன பிறவற்றை இங்கு குறித்து வைப்பது நம் இல்லங்களுக்குப் பயன்படும். நாள்தோறும் காலையில், உணவுக்கு முன், எடை பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீர். மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒதுக்க வேண்டும். (மூன்றாவதைக் கேட்டபோதுதான் பெரியப்பாவின் முகம் உண்மையாகவே வாடியது.) இழுப்பு மருந்து பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் வீண், நுரையீரலுக்கு நேரே செல்வதால் சிறு அளவே போதுமானது. ஆண்டுக்கொரு முறை சளிக்காய்ச்சல் தடுப்பூசி. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சு வாங்குகிறதே என்று படுத்துவிடக் கூடாது. படுத்தே கிடந்தால் கால் தசைகள் நலிகின்றன. நலிந்த தசைக்கு அதிக உயிர்வளி தேவை. மூச்சு மேலும் வாங்குகிறது. மருத்துவர் வகுத்த அளவில் நடந்து பழகியோர், நுரையீரல் அப்படியே இருந்தும், முன்னிலும் தொலைவு நடக்கின்றனர்.

ஓய்வே மருந்தென்று எழுந்த இடத்தில் 'நடங்கள்' என்ற சொல்லைக் கேட்பது வியப்பாக இருந்தது. இம்மாற்றத்தில் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும் மறு சாராருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை அளித்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடிசைகளில், குறைந்த உணவுடன் வாழ்ந்தோர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் நலம்பெற்றிருந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காசநோய்க்கு மருந்துண்டு, ஆறு திங்களில் முடிந்துவிடும். பெரியப்பாவின் நோய்க்கு அவ்வாறு முடிவு நாள் இல்லை. அவரைப் பேணுவோர் வீட்டிலுள்ளவர்களே.

அவ்வகையில் பேணுவோருக்கு மருந்துச்சீட்டில் எழுதப்படாத ஒன்றுண்டு. மூச்சு வாங்குவோர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவர். உடனிருப்போர் இரக்கத்தால் எஞ்சியதைத் தாமே சொல்லி முடித்துவிடுவர். சில நாளில் அவர் பேசுவதையே விட்டுவிடுவார். தாழ்வாரத்தில் அத்தகைய இணையர் பலரைக் கண்டோம். வினாக்களுக்கெல்லாம் விடை சொன்னவர் மற்றவரே.

அன்று பெரியப்பா வாக்கியத்தைத் தாமே முடித்தார். ரயிலில் அமர்ந்து, பல்லாவரம் தாண்டும்வரை சாளரத்தின் வெளியே நோக்கியிருந்து, பின்னர் சொன்னார்: "கொடைக்கானல் ரோடு நிலையம்... மலையில் இல்லையே... அடிவாரத்தில்தானே இருக்கிறது?"

ஆம் என்றோம்.

திருமணம் குறித்த நாளில் மலைமேல் நடந்தேறியது. மறுநாள் மணமக்கள் இறங்கி வந்தனர். வத்தலகுண்டில் உறவினர் இல்லமொன்றின் திண்ணையில், படி ஏற வேண்டாத இடத்தில், பெரியப்பா வெள்ளைச் சட்டையுடன் காத்திருந்தார். பந்தியில் அவர் இலைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை.