மைக்ரோவேவில் பயப்பட என்ன இருக்கு?

"மைக்ரோவேவில சூடாக்கினால் கான்சர் வரும்" என்ற கதை எங்கட சனத்துக்குள் கனகாலமாய் உலாவுது. ரெஸ்ரோறன்ற் வேலை முடித்து நள்ளிரவில் அறைக்கு வந்து, அந்தப் பயத்தில் பிரிட்ஜ் சோற்றைக் குளிராகவே விழுங்குகிற அண்ணைமாரை எனக்குத் தெரியும்.

ஊர்ப் போறணையில் சுவரும் காற்றும் கொதித்து, சூடு பாணின் தோலிலிருந்து உள்ளுக்குப் போகும். தோல் 140 பாகையைத் தாண்டுவதால்தான் அந்தப் பொன்னிறமும் வாசமும். இங்கத்தைய அவணும் அப்படித்தான். மைக்ரோவேவ் அலையோ ஓரிரு சென்ரிமீற்றர் உள்ளே புகுந்து தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்கும். ஈரம் இருக்கும்வரை சூடு 100 பாகைக்குமேல் ஏறுவது அரிது. அதனால் பாண் முறுகாது, இறப்பராய் இழுபடும்.

அது வானொலி அலையின் இனசனம். எக்ஸ்ரேபோல அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் பலம் அதற்கில்லை. மெசின் நின்றால் அலையும் நின்றது. சோற்றில் ஒன்றும் தங்காது.

பயப்பட வேண்டியது வேறு. சாப்பாடு குவிந்திருந்தால் அலை நடுவுக்கு எட்டாது. அங்கே குளிரும் கிருமியும் மிஞ்சும். பாதியில் நிறுத்திக் கிளறி, ஆவி பறக்கச் சூடாக்குங்கோ. இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றை மைக்ரோவேவும் காப்பாற்றாது, அவணும் காப்பாற்றாது. கிருமி செத்தாலும் அது கக்கிய நஞ்சு சூட்டுக்கு அழியாது. அதைக் கொட்டிவிடுங்கோ.