பெங்காக்கில் தோற்ற ஆட்டம்

எங்கள் பள்ளிப் பையன்கள் வட்டாரக் காற்பந்து இறுதி ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் பந்தைக் கைநழுவ விட்ட கோல் காவலன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மாலையில் நானே அவன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் தாத்தா உட்கார்ந்திருந்தார். சுங்கை பூலோவில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்.

"வாங்க சார். இவன் சாப்பிடக்கூட மாட்டேங்கிறான். நம்ம சிலாங்கூரே பெங்காக்குல இதே ரெண்டுக்கு ஒண்ணுலதான் தோத்துச்சு, சொன்னா நம்ப மாட்டேங்கிறான்."

பெரியவர் சொன்னது சரிதான். 1967 டிசம்பரில், ஆசிய நாடுகளின் வெற்றிக் குழுக்கள் மோதிய முதல் போட்டி அது. இறுதியில் சிலாங்கூரும் இஸ்ரேலின் ஹப்போவல் டெல் அவிவும் ஆடின. (1974 வரை இஸ்ரேல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தில்தான் இருந்தது, அப்போது அதன் தலைவர் நம் துங்கு அப்துல் ரஹ்மான்.) உண்மையில் சிலாங்கூர் கிளப்பே அல்ல, மாநிலக் குழு. 1966-இல் மலாயாக் கிண்ணத்தை வென்ற குழு. பின்னாளில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடிய எம். சந்திரன், அக்காலத்தில் சிலாங்கூரின் தற்காப்பு ஆட்டக்காரர்.

இப்படி இரு நாட்டு வெற்றிக் குழுக்கள் மோதுவது பழைய வழக்கம் என்று பையனிடம் சொன்னேன். 1895-இல் எடின்பர்க் நகரில் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸும் இங்கிலாந்தின் சண்டர்லேண்டும் ஆடின. சண்டர்லேண்ட் 5-3 என்று ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த இங்கிலாந்துக் குழுவில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

"பொழைக்கப் போன எடத்துக்கு வெளையாடியிருக்கானுங்க, நம்மளாட்டம்" என்றார் தாத்தா.

"சிலாங்கூர் தோத்தப்ப நீங்க என்ன தாத்தா செஞ்சீங்க?" பையன் முதன்முறையாக வாய் திறந்தான்.

"பெரட்டுல மண்டோர்தான் சேதி சொன்னாரு. அழுகையா வந்துச்சு. அன்னிக்குன்னு மழையும் இல்ல. வாளியைத் தூக்கிக்கிட்டு மரம் வெட்டத்தான் போனேன்."

திங்கட்கிழமை பையன் வந்துவிட்டான். இடைவேளையில் என் மேசையருகே நின்றான்.

"சார், அப்புறம் ஆசியாவுல நம்ம குழு எப்போ ஜெயிச்சுச்சு?"

"2015-இல. ஜோகூர் குழு ஆசியச் சம்மேளனக் கிண்ணத்தை ஜெயிச்சது. அது இரண்டாம் நிலைப் போட்டிதான்."

விரல் விட்டு எண்ணினான். "நாப்பத்தெட்டு வருஷமா!" என்றவன், கையுறையை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினான்.