தகரப் பெட்டிக்குள் வரலாறு

நோயினால் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க மூலச்சான்றுகளை எங்கே தேடுவது என்று மலையகத் தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. வீட்டுத் தகரப் பெட்டியைத் திறவுங்கள் என்பேன்.

ஒரு லயத்து வீட்டுப் பெட்டியில் பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தது. "இங்கேயே பிறந்த பாட்டிக்கு இது எதற்கு?" என்று கேட்டாள் 12 வயதுப் பேத்தி. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியதும், 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டதும் அந்தக் கேள்வியிலிருந்தே பாடமாயின.

யார் கொடுத்தது, எப்போது, ஏன் என்று பிள்ளை முதலில் கடதாசியிடம் கேட்கட்டும். பிறகு பாட்டியிடம் கேட்கட்டும். கடதாசியில் இல்லாததைப் பாட்டி சொல்வார்.

சகோதரிகளே, பழைய கடதாசிதானே என்று எதையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.