ஒலிக்கு வழிவிடும் திரை

பழைய பொருளொன்றைப் புதுக்குதல் எளிய காரியம் போலத் தோன்றும். ஆயின் எதனைப் பேணுவது, எதனை மாற்றுவது என்று தெளிந்த பின்னரே அதிற் கைவைத்தல் தகும். எம் இல்லத்து ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முகத்துணியை மாற்றப் புகுந்தபோது இவ்வுண்மை எமக்கு நன்கு விளங்கிற்று. விழா மலருக்குத் தமிழாசிரியர் இலக்கணம் பற்றி எழுதுவார் என எதிர்பார்த்த அன்பர்கள் இம்முறை பொறுத்தருள்வாராக.

இடமும் வலமுமாக இரு ஒலிபெருக்கிகளை வைத்து, இசைக்கலைஞர் எதிரே அமர்ந்து வாசிப்பதுபோலக் கேட்கச் செய்வது ஸ்டீரியோ முறை. ஆங்கிலேயரான அலன் பிளம்லைன் 1931 இல் இதற்குக் காப்புரிமை கோரினார். இம்முறையில் அமைந்த இசைத்தட்டுகள் 1958 அளவில் மேல்நாட்டுக் கடைகளுக்கு வந்தன. எம் இல்லத்துக்கு அப்பேறு கிட்ட மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1977 இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதன்பின், 1979 இல், இக்கல்லூரியின் பழைய மாணவராகிய எம் தந்தையார் யப்பானியப் பெட்டிகள் இரண்டைக் கொழும்பில் வாங்கி, யாழ்தேவியில் ஏற்றிக் கொணர்ந்தார்.

1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட அக்காலத்தில் அப்பெட்டிகள் ஊமையாய் நின்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது அவற்றை எடுத்துச் செல்ல இயலவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால், கூரையின் ஒருபுறம் சிதைந்திருந்தது. பெட்டிகளின் முகத்துணியை மழையும் எலியும் பாழாக்கியிருந்தன. உள்ளிருந்த கடதாசிக் கூம்புகள் மட்டும் நற்பேற்றால் தப்பியிருந்தன. ஏற்ற துணி தேடித் திரியும் காலமா அது? எம் தாயார் எஞ்சியிருந்த தடித்த யன்னற் சீலையொன்றை வெட்டி, இரு சட்டங்களுக்கும் தம் கையாலே போர்த்துத் தைத்துவிட்டார்.

மின்சாரம் மீண்டபின் தந்தையார் தம் பழைய நாதசுர நாடாக்களை ஆவலோடு போட்டுக் கேட்டார். நாதசுரம் கேட்டது, தவிலின் தொப்பியும் அதிர்ந்தது, தாளத்தின் கணீரென்ற ஓசை மட்டும் எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல மங்கியிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் மறைந்தது. “எனக்குக் காது மந்தமாய்ப் போச்சு, தம்பி” என்று சொல்லி, ஒருநாள் கேட்பதையே நிறுத்திவிட்டார். எழுபது கடந்த ஒருவர் அவ்வாறு கூறின் மறுப்பார் யார்?

சென்ற விடுமுறையில் அச்சீலை நைந்து நூல் பிரிந்திருக்கக் கண்டு, அதனை மாற்ற முனைந்தோம். சட்டங்களைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டிகள் இயங்குகின்றனவா என்று அறிய ஒரு நாடாவை இட்டோம். அடுத்த அறையிற் படுத்திருந்த தந்தையார் எழுந்து வந்து வாயிலில் நின்றார். “தாளம் கேக்குது” என்றார்.

இதன் காரணம் மறைபொருளன்று. ஒலி என்பது காற்றின் அதிர்வு. செக்கனுக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலி வருங்கால், துணியும் காற்றோடு சேர்ந்து அசைந்து வழிவிடும். செக்கனுக்கு 10,000 முறை அதிரும் உயர்ந்த ஒலிக்கு ஈடாக அசையத் தடித்த துணியால் இயலாது. நெருங்கிய இழைகளிடையே காற்றும் எளிதிற் புகாது. ஆகவே உயர்ந்த ஒலி துணியிலேயே தேய்ந்துவிடும். முதுமை முதலிற் கவர்வதும் அவ்வுயர்ந்த ஒலியையே. ஒரு பங்கை முதுமை எடுக்க, மறுபங்கைச் சீலை எடுத்துக்கொண்டது. முதுமையை மாற்ற எம்மால் ஆகாது, சீலையை மாற்றலாம்.

துணியைத் தேரும் வழி எளிது. வாயருகே பிடித்து ஊதினால், மூச்சுத் தடையின்றிச் சென்று மறுபுறத்துக் கையிற் படவேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளின் இடைவெளி தெரியவேண்டும். பருத்தி மாரிகால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். ஆதலின் ஈரம் உறிஞ்சாத பொலியெஸ்டர் வலைத்துணி நன்று. தாயார் தம் பழைய பட்டுச்சேலை ஒன்றை மனமுவந்து தந்தார். அஃது ஊதற் சோதனையில் தேறவில்லை. பட்டையும் பழைய சீலையையும் கறுப்பு வலைத்துணியையும் மாறிமாறிப் பெட்டியின் முன்னே பிடித்தோம். தந்தையார் கண்களை மூடியிருந்து, தாளம் கேட்குந்தோறும் விரலை உயர்த்தினார். தவறாது விரல் உயர்ந்தது வலைத்துணிக்கே.

பின்னர் வேலையைத் தொடங்கினோம். சட்டத்தைப் பெட்டிக்கு அப்பாற் கொண்டுசென்றே பழைய ஊசிகளைக் குறட்டாற் பிடுங்கவேண்டும். இன்றேல் ஒலிபெருக்கியின் காந்தம் இரும்பூசியை இழுத்துக் கூம்பைக் கிழித்துவிடக்கூடும். பழம்பசையைச் சுரண்டி, சட்டத்துக்கு மினுக்கமில்லாத கறுப்பு நிறம் பூசினோம். பூசாவிடின் மெல்லிய துணியூடே மரம் வெளிறித் தெரியும். துணியின் நல்ல முகம் கீழிருக்க மேசையில் விரித்து, அதன்மேற் சட்டத்தைக் கவிழ்த்து, இழைகள் விளிம்புக்கு நேராக ஓடும்படி ஒழுங்கு செய்தோம். முதலில் நான்கு பக்கங்களின் நடுவிடங்களை எதிரெதிராகப் பிணித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கிச் சென்றோம். மூலைகளில் மிகுந்த துணியை வெட்டி மடித்துப் பசையிட்டோம். துணி தளர்ந்திருந்தால் பாட்டோடு சேர்ந்து படபடக்கும். மிக இழுத்தால் சட்டம் வளையும். இரண்டுக்கும் இடைப்பட்ட இறுக்கத்தைக் கைதான் அறியும்.

தாளத்தை மறைத்தது தாம் தைத்த சீலையே என அறிந்து தாயாரின் முகம் வாடிற்று. ஆயின் கூம்புகளைத் தூரிகையால் மெல்லத் துடைத்தபோது, அவற்றில் ஒரு கிழிவோ பூச்சித் துளையோ காணப்படவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தூசியும் கரப்பானும் அணுகாமற் காத்ததும் அச்சீலையே. இதனை எடுத்துச் சொன்னவர் தந்தையார். “நீர் மூடி வைச்சபடியாலதான் இது மிஞ்சினது” என்றார். தாயார் அச்சீலைத் துண்டுகளைத் தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டார்.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மூலநூலுக்கும் மாணாக்கனுக்கும் இடையே உரை நிற்கிறது, ஆசிரியனும் நிற்கிறான். நூல் சிதையாமற் காப்பதும் மாணாக்கனிடம் செல்ல வழிவிடுவதும் இருவர்க்கும் கடமை. ஒரு காலத்தில் நூலைக் காத்த உரையே பிறிதொரு காலத்தில் தடித்த சீலையாகிவிடலும் உண்டு. மாணாக்கன் ஒருவன் “எனக்கு இது விளங்காது” என்று கைவிடும்போது, அவன் அறிவை ஐயுறுமுன் இடையே நிற்பதனை ஒருமுறை ஊதிப் பார்த்தல் நன்று.

விழாக் கொண்டாடும் பழைய மாணவர்களே, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பெட்டிகள் இருத்தல் கூடும். கேட்பதை நிறுத்திவிட்ட முதியோரும் இருத்தல் கூடும். பெட்டியின் துணியைக் கழற்றிவிட்டு, அவர்களை அருகே அமர்த்தி, அவர்கள் விரும்பிய பாட்டொன்றைப் போட்டுப் பாருங்கள்.