போர் நடந்த மண்ணில் ஒரு பகல்

சுற்றுலா என்றால் நம் பெண்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? நுவரெலியாவில் கிரகறி வாவி, ஹக்கலைப் பூங்கா, பிள்ளைகளுக்கு ஒரு படகுச் சவாரி, திரும்பும் வழியில் இரண்டு கட்டு லீக்ஸும் கரட்டும். அதற்கு மேல் நாம் ஆசைப்படுவதில்லை. ஆகவே "போர்க்களங்கள் பார்க்கப் போகிறோம்" என்று நான் வீட்டில் சொன்னபோது மாமி முகத்தைச் சுளித்தார். "முப்பது வருஷமா இந்த நாட்டில சண்டையைப் பார்த்தது காணாதா, மகள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், சகோதரிகளே. இருந்தும் நாங்கள் போனோம். ஏன் போனோம், அங்கே என்ன கண்டோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். சரித்திரப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த பையன் அவனிடம், "கண்டி ராஜாக்கள் சண்டை பிடிச்ச நேரம் உங்கட ஆக்கள் எங்க இருந்தாங்க?" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் கேட்டானா, சும்மா கேட்டானா, தெரியாது. ஆனால் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த பிறகு, இப்படியான கேள்வியை மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்கள் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. மகன் என்னிடம் கேட்டான். என்னிடமும் பதில் இல்லை. அவன் வாப்பாவிடமும் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சிங்களவர். அட்டனில் பல வருடம் படிப்பித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லாரும் "சேர்" என்றே கூப்பிடுவோம். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இடத்தைக் காட்டினால் மறக்க மாட்டார்கள்" என்றார். அப்படித்தான் ஒரு சிறிய பஸ் பிடித்து, இருபத்தாறு பேர் கிளம்பினோம். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். நுவரெலியாவிலிருந்து இரண்டு குடும்பங்கள் முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கின. எங்கள் கடைத்தெருவுக்கு மேலேயுள்ள லயத்திலிருந்து, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரும் தன் மகளோடு வந்தார்.

சுபஹு தொழுத கையோடு புறப்பாடு. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் பாதை. தேசிக்காயும் பொலித்தீன் பைகளும் மடியில் தயார். எட்டு மணியளவில் பேராதனையை அடைந்தோம்.

கன்னொறுவை, 1638

பேராதனைப் பூங்காவை மகாவலி கங்கை சுற்றி வளைந்து ஓடுகிறது அல்லவா? அதன் மறுகரைதான் கன்னொறுவை. இன்று விவசாய ஆராய்ச்சி நிலையமும் நாற்றுப் பாத்திகளுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கிறது. சேர் எங்களை ஒரு மரநிழலில் உட்கார வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

1638 மார்ச் மாதம். தியோகு த மெலோ என்ற போர்த்துக்கேயத் தளபதி பெரும் படையோடு கண்டிக்கு ஏறி வந்தான். நகரத்துக்குள் நுழைந்தால் ஆளில்லை. இரண்டாம் ராஜசிங்க மன்னன் சனங்களையும் பொருள்களையும் முன்பே அப்புறப்படுத்திவிட்டான். வெறும் நகரத்துக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிய படையை இந்தக் கன்னொறுவையில் கண்டிப் படை மறித்தது. போர்த்துக்கேயரோடு வந்த உள்ளூர்ச் சிப்பாய்கள் பக்கம் மாறினார்கள். மார்ச் 28இல் எல்லாம் முடிந்தது. தளபதியும் மாண்டான். உயிரோடு மிஞ்சிய போர்த்துக்கேயர் மிகச் சிலரே. அதற்குப்பின் இருபது வருடத்தில், 1658இல், அவர்கள் ஆட்சி இலங்கையிலேயே இல்லாமல் போனது.

"சரி சேர், எங்கட ஆக்கள்?" என்று என் மகன் கேட்டுவிட்டான். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் சிரித்தார்.

"பன்னிரண்டு வருடம் பின்னால் போவோம்" என்றார். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவன் இந்த ராஜசிங்கனின் தந்தை செனரத் மன்னன். ஆயிரக்கணக்கானோரை அவன் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கண்டி மலைகளிலும் நம்மவர்கள் வாழ்ந்தார்கள். மாட்டு முதுகில் பொதி ஏற்றும் தவளம் வியாபாரம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. கரையோரத்து உப்பும் கருவாடும் மேலே வந்ததும், மலைநாட்டுப் பாக்கு கீழே போனதும் அந்த மாடுகளில்தான். உப்பில்லாமல் எந்த ராஜா எத்தனை நாள் சண்டை பிடிப்பான்?

அடுத்து அவர் சொன்னதை, சகோதரிகளே, நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இது மகியங்கனைப் பக்கம் பங்கரகம்மன என்ற ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. போர்த்துக்கேயர் துரத்திவர, மன்னன் ஓடிவந்து ஒரு மரப்பொந்தில் ஒளிந்துகொண்டான். அந்த மன்னன் ராஜசிங்கன் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். அவன் ஒளிந்ததை அங்கிருந்த ஒரு முஸ்லிம் பெண் கண்டாள். துரத்தி வந்தவர்கள் அவளிடம், "எங்கே போனான்?" என்று கேட்டார்கள். மிரட்டினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அவளை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். வெளியே வந்த மன்னன் அவள் உடலைக் கண்டு, "மா ரெககத் லே" என்று கதறினானாம். "என்னைக் காப்பாற்றிய இரத்தம்" என்று அர்த்தம். அவள் சந்ததியாருக்கு அந்த ஊரின் நிலத்தை மானியமாகக் கொடுத்தானாம்.

எல்லாரும் அமைதியாக இருந்தோம். எங்களோடு வந்த ஒரு ராத்தா மெதுவாகக் கேட்டார்: "அவட பேர் என்ன சேர்?"

"பெயரை யாரும் சொல்வதில்லை" என்றார் அவர்.

தியோகு த மெலோவின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஊரை எரிக்க வந்தவனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. உயிரைக் கொடுத்தவள் வெறும் "முஸ்லிம் பெண்" ஆகிவிட்டாள்.

பலனை

அங்கிருந்து கடுகண்ணாவைப் பக்கம் போய்ப் பலனைக்கு ஏறினோம். சிங்களத்தில் 'பலனவா' என்றால் பார்ப்பது. பெயருக்கேற்ற இடம். கீழ்நாட்டிலிருந்து கண்டிக்கு யார் ஏறிவந்தாலும் இங்கிருந்து தெரியும். அதனால்தான் இந்தக் குன்றுக்காகப் பல தடவை இரத்தம் சிந்தினார்கள். இப்போது மிஞ்சியிருப்பது கோட்டையின் சில கற்கள்தான். மழை பெய்து வழுக்கியது. அட்டை கடிக்கு நாங்கள் கொண்டுபோன உப்பும் சவர்க்காரமும் நன்றாக உதவின. முழங்கால் வலியுள்ளவர்கள் பஸ்ஸிலேயே இருந்து பிள்ளைகளுக்குக் காவல் இருந்தார்கள்.

வட்டபுளுவை, 1803

பெண்களுக்கு இடவசதியுள்ள ஒரு பள்ளியில் லுஹர் தொழுது, கொண்டுபோன சோற்றுப் பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கண்டிக்கு வெளியே வட்டபுளுவைக்குப் போனோம்.

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். முத்துசாமி என்பவரை அரியணையில் வைத்துவிட்டு, ஒரு காவற்படையை விட்டுச் சென்றார்கள். காய்ச்சல் அந்தப் படையை உருக்கியது. ஜூன் 24இல் கண்டிப் படை தாக்கியது. மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக வழிவிடுவதாக வாக்கு. ஆனால் இந்த வட்டபுளுவைக்கு வந்தபோது மகாவலி கரைபுரண்டு ஓடியது. கடக்க முடியவில்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி கேட்டார்கள். ஒப்படைத்தார்கள். அவர் கொல்லப்பட்டார். அதன்பின் ஆயுதங்களைக் கீழே வைத்த சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள்.

அந்தக் காவற்படையில் நம்மவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேயரின் மலாய்ப் படையில் நூருத்தீன் என்றொரு கப்டன். அவர் சகோதரர் சங்குங்லோ கண்டி மன்னனின் மலாய் வீரர்களுக்குத் தலைவர். கடல் கடந்து வந்த ஓர் அரச குடும்பத்தின் பிள்ளைகள் இருவரும். ஒருவர் கோட்டைக்கு உள்ளே, ஒருவர் வெளியே. ஜூன் 24 தாக்குதலில் சங்குங்லோ விழுந்தார். பிடிபட்ட நூருத்தீனைத் தன் சேவையில் சேரும்படி மன்னன் அழைத்தான். ஏற்கெனவே கொடுத்த வாக்கை மீற முடியாது என்று அவர் மறுத்தார். அவரும் கொல்லப்பட்டார்.

இந்த இருவரின் உம்மாவை நினைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வென்றாலும் அவருக்கு என்ன மிச்சம்?

சேர் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் அவர்கள் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒருவரை முகாந்திரமாக நியமித்தார்கள். பரம்பரைத் தலைவர்களுக்கு அது ஆத்திரமூட்டியது. ஊவாக் கிளர்ச்சியின் தொடக்கத்திலேயே அவர் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். மறுவருடம் ஆங்கிலேயர் ஊவாவின் கிராமங்களையும் வயல்களையும் எரித்துக் கிளர்ச்சியை அடக்கினார்கள். தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

ஆக, மகன் கேட்ட கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடைக்கவில்லை. நம்மவர்கள் அடைக்கலம் பெற்றவர்களாகவும், உயிர் கொடுத்தவர்களாகவும், அரசனின் வீரர்களாகவும், அந்நியனின் சிப்பாய்களாகவும், அந்நியன் கொடுத்த பதவியை ஏற்றவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். சிங்களவரும் அப்படித்தான், தமிழரும் அப்படித்தான் என்றார் சேர். "பங்கரகம்மனப் பெண்ணை மட்டும் சொல்லி ஹாஜி மரைக்காரை விட்டுவிட்டால் அது சரித்திரமாகாது, புகழ்ச்சியாகிவிடும்" என்று அவர் சொன்னபோது மகன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

பெயர் உள்ள கற்கள்

மாலையில் கண்டியின் யுத்த மயானத்துக்குப் போனோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்தவர்களின் கல்லறைகள், ஏறத்தாழ இருநூறு. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்ததை நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கண்டியில் சண்டை நடக்கவில்லை. ஆனாலும் நோயிலும் விபத்திலும் பலர் இறந்தார்கள். ஆங்கிலேயர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் ஒரே புல்வெளியில் கிடக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். அவரவர் சமயத்துக்கேற்ற அடையாளம். புல் அவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: "சார், எங்க ஆளுங்க இந்தச் சண்டையில எல்லாம் எந்தப் பக்கம்?"

திரும்பும் வழியில்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. நுவரெலியாக் குடும்பங்களை இறக்கிவிட வேண்டியிருந்ததால் புசல்லாவை, றம்பொடை வழியாகப் போனோம். இரு பக்கமும் தேயிலை. சேர் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: 1818 முடிந்தபின் படைகள் போய்வர மலைக்குள் பாதைகள் போட்டார்கள். பாதை வழியே கோப்பி வந்தது. 1840இல் வந்த ஒரு சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் சொத்தாக்கியது. கோப்பித் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியுமாக விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பிறகு மலை முழுவதும் தேயிலையானது.

அக்கா சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் காட்டுப் பாதையில செத்தவங்களுக்கு இந்த மாதிரி கல்லு இருக்கா சார்?" என்றார்.

சேர் இல்லையென்று தலையசைத்தார்.

நானுஓயா, தலவாக்கலை தாண்டி அட்டன் வந்து சேரும்போது இரவு பதினொரு மணியாகிவிட்டது. பிள்ளைகள் மடியில் தூங்கிவிட்டார்கள்.

சகோதரிகளே, இப்படி ஒரு பயணம் போக உங்களாலும் முடியும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் செலவு பெரிதாகத் தெரியாது. விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர் உங்கள் ஊரிலும் இருப்பார். ஒரே நாளில் நான்கு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். தொழுகைக்கும் பெண்களின் தேவைக்கும் வசதியுள்ள இடத்தை முன்பே விசாரித்து வையுங்கள். வயதான ஒருவரையாவது கூட்டிப் போங்கள். பாட்டி வாய் திறந்தால் வேறொரு சரித்திரம் வரும். அயல் வீட்டு மற்ற சமயத்தவரையும் அழையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி நமக்குத் தோன்றாது.

இன்னும் ஒன்று. அந்தப் பயணத்துக்கு மறுநாள் மாமியிடம் ஒரு கொப்பியும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். அவருடைய உம்மா, உம்மம்மா, அவருடைய உம்மா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஆண்களின் பெயர் ஏழு தலைமுறைக்கு வந்தது. பெண்களின் பெயர் நான்கோடு நின்றுவிட்டது. நான்காவது பெண் மாத்தளையிலிருந்து மாட்டுத் தவளத்தோடு நடந்துவந்தவராம், பெயர் மரியம் பீவி. அதற்கு மேலே உள்ளவர்களை விசாரிக்க, மாமியின் மூத்த ராத்தா இருக்கும் கம்பளைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை போகிறோம்.